ஐந்து புலவர்களுக்கு மலையில் வீடு கிடைத்த நாள்

"இவங்க அஞ்சு பேரும் யாரு ஊட்டுல தங்குவாங்க?"

பட்டக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் எழுந்து, தொண்டையைச் செருமி, "ஐந்து காலத்துத் தமிழ்ப் புலவர்களை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கப் போகிறேன்" என்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லியிருந்தேன். அதற்கு மேல் பேச விடவில்லை.

கொல்லிமலையில் சாவடி முன்னால் ஒரு பெரிய பலாமரம். அதன் அடியில் மலை ஊர்களைச் சேர்ந்த நாட்டார் எல்லோரும் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாசி மாதம். வெயில் ஏறியும் குளிர் விட்டபாடில்லை. சுற்றிலும் பாய் பாயாக மிளகு காய்ந்துகொண்டிருந்தது. காற்று திரும்பினால் கூட்டமே தும்மும்.

நான் என் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகங்கள். ராத்திரியெல்லாம் உருப்போட்ட பேச்சு வாய் வரைக்கும் வந்து நிற்கிறது. ஆனால் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

"தங்கறதுங்களா?" என்றேன், அசடு வழிய.

"பின்னே? புதுசா வாராங்கல்ல? எங்காச்சும் தங்கோணுமில்ல?" என்றார் பட்டக்காரர். அவர் முகத்தில் கேலி துளிக்கூட இல்லை.

மலைக்கு நான் வந்தது

இந்தத் தொடரை இடையில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மலையடிவாரத்தில் பேளுக்குறிச்சிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். கல்யாணமாகி மலைக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர். சீர் வரிசையோடு நான் ஒரு தகரப் பெட்டி புத்தகமும் தூக்கி வந்ததில் என் மாமியாருக்குக் கடைசி வரை வருத்தம். அந்தப் பெட்டிக்குப் பதில் ஒரு அண்டா வந்திருக்கலாம் என்பது அவர் கட்சி.

யுத்த காலம் அது. மண்ணெண்ணெய் கிடையாது, பேப்பர் எப்போதாவதுதான் மேலே வரும். பொழுது போகாமல், மிளகு மிதிக்கும் பெண்களுக்குப் பாட்டுப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். கொடியிலிருந்து பறித்த மிளகுச் சரங்களைக் குவித்துப் போட்டு, காலால் மிதித்து மணியை உதிர்ப்பார்கள். கை சும்மா இருக்கும், காது சும்மா இருக்கும். நான் ஒரு பாட்டைப் படித்து, பொருள் சொல்லி நிறுத்தினால், கால்களும் நின்றுவிடும். "அப்பறம்?" என்று ஒரு குரல் வரும்.

அந்தக் குரல் நல்லாயியுடையது.

நல்லாயி கொஞ்சம் தள்ளித்தான் மிதிப்பாள். தன் சுரைக்குடுக்கையில் தானே தண்ணீர் கொண்டுவந்து, தனியாக உட்கார்ந்து குடிப்பாள். அவள் புருஷன் வீட்டு உத்திரத்துக்கென்று ரிசர்வ் காட்டில் ஒரு மரம் வெட்டி, பாரஸ்டுக்காரரிடம் மாட்டி, சேலம் ஜெயிலுக்குப் போய் வந்தவர். அங்கே யார் யாரோ சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டார் என்று, வந்த நாளிலிருந்து நாட்டார் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. பெண் கேட்டு அந்த வாசலுக்கு யாரும் வருவதில்லை. அவளுக்கோ கல்யாண வயதில் ஒரு மகள்.

நல்லாயிக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒரு தடவை கேட்ட பாட்டை மறுநாள் மிதிக்கும்போது பாடிக்கொண்டே மிதிப்பாள். நான் ஒரு அடியை விட்டுவிட்டால், "நடுவால ஒண்ணு போச்சுங்களே" என்பாள்.

சாவடிக்கு இரண்டு பேர் போட்டி

ஆளுக்கு ஆள் சொல்லி, கேட்க வருகிற கூட்டம் பெருகியது. மலையில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் சிலர் இருந்தார்கள். சந்தைக்குப் போய் வரும் இளவட்டங்கள், பூசாரி மகன், தோட்டத்து மேஸ்திரி என்று ஒவ்வொருவராக வந்தார்கள். புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்ப்பார்கள். "இதை எழுதினவரு யாருங்க? எப்ப இருந்தவரு?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் இடம் போதவில்லை. என் மாமியாருக்குப் பொறுமையும் போதவில்லை.

நாட்டுக்குச் சொந்தமான சாவடி ஒன்று பூட்டியே கிடந்தது. அதைப் படிப்பகமாக்கினால் என்ன என்று எனக்கு ஆசை வந்தது. அதே சாவடியை மிளகு போட்டு வைக்கும் குடோனாகக் கேட்டுக் கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் ஏற்கெனவே காய் நகர்த்திக்கொண்டிருந்தார். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. நாட்டுக்குத் தலைவர் பட்டக்காரர். அவரிடம் போய் நின்றேன்.

"நாடு கூடுற அன்னிக்கு வாங்க. வியாபாரியும் வரட்டும். நீங்க கொண்டாரது இன்னதுன்னு சொல்லுங்க, கேக்கறோம். புடிச்சா உங்குளுக்கு. புடிக்காட்டி அவருக்கு. அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கப்படாது" என்றார்.

கீழே ஒரு தமிழன்பர் குழு இருந்தது. அவர்கள் ஒரு பெரிய புலவரை அனுப்பி வைப்பதாகச் சொன்னார்கள். நான் நிம்மதியாக இருந்தேன். அவர் காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் வந்து, கிளப்புக் கடையில் இட்டிலி சாப்பிட்டு, நிமிர்ந்து மலையைப் பார்த்திருக்கிறார். மேலே போனால் மலைக்காய்ச்சல் வரும் என்று பக்கத்து இலைக்காரர் யாரோ சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காய்ச்சல் ஆளைத் தின்கிற காய்ச்சல்தான்.

சேதி எனக்கு வந்தது கூட்டத்துக்கு முதல் நாள் பொழுது சாயும்போது. என் வீட்டுக்காரர், "விட்டுவிடு, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். அடுத்த வருஷம் சாவடியில் மிளகு மூட்டை இருக்கும். எனக்கு அழுகை வந்தது. அழுகை கோபமாக மாறுவதற்கு எனக்கு அதிக நேரம் ஆகாது. "நானே பேசுகிறேன்" என்றேன்.

நாடு கூடுகிற இடத்தில் அதுவரை ஒரு பெண் எழுந்து பேசியதில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேன் என்று இப்போது வீராப்பாகச் சொல்லிக்கொள்ளலாம்.

புதுசு எது வந்தாலும்

இனி பலாமரத்தடிக்குத் திரும்புகிறேன்.

"அவுங்க யாரும் நேரா வரப்போறதில்லீங்க. நாலு பேரு செத்துப் போயி எத்தனையோ காலமாச்சு. பாட்டு மட்டுந்தானுங்க வருது" என்றேன்.

பட்டக்காரர் அசரவில்லை. "பாட்டு இங்கயே தங்கறதுக்குத்தானுங்களே சாவடி கேக்கறீங்க? தங்கற எதுக்கும் ஒரு ஊடு பொறுப்பு நிக்கோணும். குச்சிக்கெழங்கு மொதல்ல மேல வந்தப்பவும் ஒரு ஊடு நின்னுது. வேத்தூர்ல இருந்து பொலிகாளை வந்தப்பவும் நின்னுது. இது எங்க வழக்கம்."

வழக்கத்தை எனக்கு விளக்கிச் சொன்னார். புதிதாக வருகிறவரைப் பற்றி முதலில் கூட்டத்தில் சொல்ல வேண்டும். எந்தக் காலத்தவர், என்ன தொழில், என்ன குணம், எல்லாம் சொல்லலாம். பெயரை மட்டும் சொல்லக்கூடாது. பெயரைக் கேட்டு, பெயருக்காக ஒருவரும் எழுந்துவிடக்கூடாது அல்லவா? கேட்டுவிட்டு ஏதாவது ஒரு வீட்டார் "எங்க ஊட்டு ஆளு" என்று எழுந்து நிற்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் வரும். பட்டக்காரர் குடிப்பார். அதற்குப் பிறகுதான் பெயர்.

"இன்னொண்ணுங்க," என்றார். "கூட்டா வந்தவங்கள்ல ஒருத்தருக்கு ஊடு இல்லாட்டி, மத்தவங்களையும் நாங்க வெச்சுக்கறதில்ல. நாலு பேத்தை உக்கார வெச்சு ஒருத்தரைத் தொரத்தறது மரியாதை இல்லீங்க. வந்தாப்பல அஞ்சு பேரும் எறங்கிடோணும்."

வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். அவருக்குக் குடோன் பாதி கிடைத்த மாதிரி.

இந்தத் தொடரில் புலவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் நான் பெயரைக் கடைசியில் சொல்வது ஏன் என்று கேட்டு வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். நான் அறிமுகம் செய்யக் கற்றுக்கொண்ட இடம் இதுதான். அந்த நாளின் மரியாதைக்காக இந்த வாரம் கடைசியில்கூடப் பெயர் சொல்லப்போவதில்லை. ஆளைப் பிடித்திருந்தால் நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்.

எந்த வழியாக ஏறினார்?

உருப்போட்ட பேச்சைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அதில் பெயர்களும் நூல்களும்தான் இருந்தன. மிளகு மிதிக்கும் பெண்களிடம் பேசுவது போலப் பேச ஆரம்பித்தேன்.

முதலில் சங்க காலத்தவர். "வீட்டில் அரிசி தீர்ந்து நாளாச்சுங்க. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வில்லுக்குப் பேர்போன அரசன் ஒருவன் இந்த மலையில் இருக்கிறான், கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டான் என்று நம்பி நடந்தே வந்தவர். கை நீட்டி வாங்கினார். ஆனால் வாங்கும்போது தலையைக் குனியவில்லை. அரசன் தப்புச் செய்தால் முகத்துக்கு நேரே தப்பு என்று பாடுவார். அவர் காலத்துக் காதல் பாட்டில் ஆணுக்கும் பேர் இல்லை, பெண்ணுக்கும் பேர் இல்லை. மலை இருக்கும், மழை இருக்கும், தினைக்காட்டில் கிளி விரட்டுகிற பெண் இருப்பாள். அவள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்."

"பேரே சொல்லாமப் பாடுனாரா? அப்ப வெவரந் தெரிஞ்சவருதான்" என்றார் பட்டக்காரர்.

கூட்டத்தில் ஒருவர், "அவரு எந்த வழியா ஏறுனாருங்க? பேளுக்குறிச்சிப் பக்கமா, புளியஞ்சோலைப் பக்கமா?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? நல்ல வேளை, அவர்களே சண்டை போட ஆரம்பித்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர் செங்குத்தான வழியில் வந்திருக்க மாட்டார் என்று ஒரு கட்சி. பசியோடு வந்தவர் குறுக்கு வழியில்தான் வந்திருப்பார், புளியஞ்சோலையில் ஆற்றுத் தண்ணீராவது கிடைக்கும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் புளியஞ்சோலைத் தடத்தின் மேல் முனையில் வீடு கட்டியிருந்தவர் எழுந்தார்.

"எங்க ஊட்டைத் தாண்டாம யாரும் ஏற முடியாது. அன்னிக்கே எங்க முப்பாட்டன் சோறு போட்டிருப்பாரு. எங்க ஊட்டு ஆளு!"

சொம்பு வந்தது. பட்டக்காரர் குடித்தார். நான் பெயரைச் சொன்னேன். அத்தனை பேரும் திருப்பிச் சொன்னார்கள். எந்தப் பரீட்சை மண்டபத்திலும் அந்தப் பெயரை அவ்வளவு உரக்க யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சாமியைத் திட்டுகிறவர்

அடுத்தது பக்திக் காலம். "இவர் ஊர் ஊராக, கோயில் கோயிலாக நடந்தவர். அரசனைப் பாட மாட்டேன், ஆண்டவனை மட்டும்தான் பாடுவேன் என்றவர். ஆனால் சாமியிடம் கும்பிடு போட்டு நின்றுவிடுகிற ஆளில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் சண்டை பிடிப்பார், திட்டுவார். அப்புறம் திட்டிவிட்டோமே என்று உருகி அழுவார். அவர் பாட்டை இன்றைக்குப் படித்தாலும் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற மாதிரி இருக்கும்."

"சாமியவே திட்டுவாருங்களா?" என்று யாரோ வாயைப் பிளந்தார்.

பூசாரி எழுந்தார். "மழை வராட்டி நானுந்தான் திட்டறேன். வெளிய சொல்றதில்ல. எங்க ஊட்டு ஆளுங்க."

மூன்றாவது சித்தர். இவருக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "குகையில் இருந்தவர், மூலிகை தெரிந்தவர்" என்று ஆரம்பித்ததும் ஒரே நேரத்தில் எத்தனையோ பேர் எழுந்துவிட்டார்கள். அந்த மலையில் குகைக்கும் மூலிகைக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொருவரும் தங்கள் காட்டுக் குகையில்தான் அவர் இருந்தார் என்றார்கள். நான் நடுவில் புகுந்து, "அவர் பாட்டில் குலம் எதுக்கு, கோயில் எதுக்கு என்று கேட்பார், ஏச்சும் இருக்கும், யோசித்துக்கொண்டு எழுந்திருங்கள்" என்று எச்சரித்தேன். பூசாரி மட்டும் முகத்தைச் சுளித்தார். வேறு யாரும் உட்காரவில்லை.

"சண்டை வேண்டாம். பட்டக்காரன் ஊட்டு ஆளு!" என்று பட்டக்காரரே எழுந்து நின்றுவிட்டார். தன் வீட்டுத் தண்ணீரைத் தானே வாங்கிக் குடித்துக்கொண்டார். இது எந்த ஊர் நியாயம் என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெயரைச் சொன்னேன்.

மகராசா என்று பாடினவர்

நான்காவது ஆளிடம் கொஞ்சம் சிக்கல். அவர் ஜமீன் காலத்துப் புலவர். நான் அவரை ஒளித்து மறைக்க விரும்பவில்லை.

"இவர் சொல்லை வைத்துக் கழைக்கூத்தாடி மாதிரி வித்தை காட்டுவார். ஒரே பாட்டை எத்தனை விதமாகப் பிரித்தாலும் பொருள் வரும். கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் ஜமீன்தார் சால்வை கொடுத்தால் அவரை இந்திரன் சந்திரன் என்று பாடுவார். கொடுக்காவிட்டால் கஞ்சன் என்று பாடுவார். காலம் அப்படி. பாட்டுக்குச் சோறு போட வேறு ஆள் இல்லை."

யாரும் எழவில்லை. கம்பளிகள் அசைந்தன. "காக்கா புடிக்கற ஆளு நமக்கெதுக்குங்க?" என்றது ஒரு குரல். வியாபாரி இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குள்ளமான மனிதர் எழுந்தார். சந்தைக்கு மிளகு கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்று வருவதில் பெயர் வாங்கியவர்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கறேன். சந்தையில நான் வியாபாரியப் பாத்து என்ன சொல்றேன்? மகராசா, தருமதொரை, உங்க கை பட்டா மொளகு தங்கம்னு சொல்றேன். சொன்னாத்தான் வெலை போடறாரு. இதா, இங்கயே உக்காந்திருக்காரு, கேட்டுப் பாருங்க!" என்று வியாபாரியைக் கை காட்டினார். "நாஞ் சொல்றதுல ஒரு அழகும் கெடையாது. அந்தப் புலவரு அழகாச் சொல்லியிருக்காரு. எங்க ஊட்டுக்கே வரட்டும். நானும் நாலு வார்த்தை கத்துக்கறேன்."

பலாமரத்தடியே சிரித்தது. வியாபாரியும் சிரிக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் குடிக்கும்போது பட்டக்காரருக்குப் புரை ஏறிவிட்டது.

ஐந்தாமவர்

எனக்கு அந்த ஐவரில் உயிரானவர் ஐந்தாமவர்தான். நம் காலத்தவர். அவர் பாட்டுப் புத்தகத்தை முதன்முதலாகப் படித்தபோது எனக்குப் பதினாறு வயது இருக்கும். பாட்டு என்றால் பழசு, பழசு என்றால் அகராதி என்று இருந்தவளை அது உலுக்கிவிட்டது.

"இவர் பாட்டில் அரசன் இல்லீங்க. வண்டிக்காரன் இருக்கிறான், நெசவுக்காரன் இருக்கிறான், நாற்று நடுகிற பெண் இருக்கிறாள். நாம் பேசுகிற சொல்லிலேயே பாடுகிறார். இந்த நாடு நம்முடையது, அடுத்தவன் ஆள்வதற்கு இல்லை என்று பாடினார். அதற்காக ஜெயிலில் போட்டார்கள். வெளியே வந்ததும் மறுபடியும் அதையே பாடினார். மறுபடியும் போட்டார்கள்."

ஜெயில் என்ற சொல் விழுந்ததும் கூட்டம் கல்லாகிவிட்டது. நல்லாயி வீட்டுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஜெயிலுக்குப் போனவருக்கு வீடு கொடுத்தால் அந்த வீட்டுத் தண்ணீர் என்ன ஆகும் என்ற பயம் ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது.

வியாபாரி மெதுவாக, "போலீஸ் தேடுற ஆளுங்க அவரு. நாளைக்கு மலைக்குப் போலீஸ் ஏறுனா யாரு பதில் சொல்றது?" என்றார்.

ஓரமாக நின்ற என் வீட்டுக்காரர் நான்கு விரலைக் காட்டினார். நாலு பேரோடு நிறுத்திக்கொள் என்கிறார். பட்டக்காரருக்கும் என் மேல் இரக்கம் வந்துவிட்டது போல. "கண்ணு, நாலு பேருதான் வந்தாங்கன்னு வெச்சுக்கலாம். இந்த ஆளைப் பத்தி நீங்க சொல்லவே இல்ல, நாங்க கேக்கவே இல்ல. சாவடி உங்குளுக்கு" என்றார்.

சாவடி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கதவு, ஓடு, வாசல் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு தலையசைப்பு போதும். ஆனால் ஐந்து பேர் என்று சொல்லி எழுந்தவள், ஒருவரை வாசலில் விட்டுவிட்டு எப்படி உள்ளே போய் உட்கார்ந்து மற்றவர்களைப் படிப்பேன்?

"இல்லீங்க. நாலு பேத்தை உக்கார வெச்சு ஒருத்தரைத் தொரத்தறது மரியாதை இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க. அஞ்சு பேருந்தான். இல்லாட்டி நாங்க ஆறு பேரும் எறங்கிடறோம்" என்றேன். ஆறாவது ஆள் நான்.

பட்டக்காரர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "அஞ்சாவது ஆளுக்கு ஊடு இருக்குதா?"

மறுபடியும் கேட்டார். குனிந்து பெட்டியைப் பூட்டப் போனேன்.

"இருக்குதுங்க."

நல்லாயி

கூட்டத்துக்கு வெளியே, மிளகுப் பாய்களுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். புடவையை இழுத்துச் சொருகியிருந்தாள். கால் முழுக்க மிளகுத் தோல்.

"பொம்பள நிக்கலாமா?" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"இந்நேரம் வரைக்கும் பேசுனது பொம்பளதான். உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?" என்று பட்டக்காரர் அவரை அடக்கினார். பிறகு நல்லாயி பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்துவிட்டது. "உன்ற ஊட்டு நெலம உனக்குத் தெரியுமில்ல, நல்லாயி?"

"தெரியுமுங்க. அதனாலதான் நிக்கறேன்." அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு பேசினாள். "என்ற ஊட்டுக்காரரு திருடலீங்க. தலைக்கு மேல கூரை நிக்கறதுக்கு ஒரு மரம் வெட்டுனாரு. நம்ம மலை, நம்ம மரமுன்னு நெனச்சாரு. இந்தப் பாட்டுக்காரரு நம்ம நாடுன்னு பாடுனாரு. ரெண்டு பேத்தையும் ஒரே ஆளுங்கதான் புடிச்சாங்க. அவருக்கு ஊடு இல்லேன்னு சொன்னா, அப்பறம் எங்குளுக்கும் இல்லேன்னுதான் அர்த்தம். எங்க ஊட்டு ஆளுங்க அவரு. எனக்கு அவரு பாட்டும் தெரியும்."

சொன்னதோடு நிற்காமல் பாடவும் ஆரம்பித்துவிட்டாள். மிதித்து மிதித்துப் பழகிய பாட்டு, காலும் தானாகவே அசைந்தது. பாய் ஓரத்தில் நின்ற மற்றப் பெண்கள், எத்தனையோ நாளாக அவளோடு மிதித்தவர்கள், தங்களுக்கும் தெரிந்த அடி வந்ததும் சேர்ந்துகொண்டார்கள். பட்டக்காரரின் மனைவி குரல் அதில் தனியாகக் கேட்டது. அவர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இது எப்போதிலிருந்து என்று கேட்கிற பார்வை.

பாட்டு முடிந்தது. நல்லாயி சொம்பு கொண்டுவரக் கிளம்பினாள்.

"நில்லு" என்றார் பட்டக்காரர்.

அவர் தடியை ஊன்றி எழுந்தார். கம்பளியைச் சரியாகப் போர்த்திக்கொண்டார்.

"இத்தனை நாளா நாங்க வராத ஊடு. அங்கிருந்து தண்ணிய இங்க வரவெச்சுக் குடிச்சா நல்லா இருக்காது. நாங்களே வாரோம்."

அவர் நடந்தார். பூசாரி அவர் பின்னால் நடந்தார். புளியஞ்சோலைத் தடத்துக்காரர், மிளகு விற்கிற குள்ள மனிதர், முணுமுணுத்தவர்கள், பயந்தவர்கள், எல்லோரும் வரிசையாக ஒற்றையடித் தடத்தில் இறங்கினார்கள். நான் தகரப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தேன். பலாமரத்தடியில் வியாபாரியும் மிளகும் மட்டுமே மிச்சம்.

நல்லாயியின் புருஷன் வாசலில் கூடை முடைந்துகொண்டிருந்தார். நாடே தன் வீட்டை நோக்கி வருவதைப் பார்த்து, இன்னும் என்ன தண்டனையோ என்று எழுந்து ஒதுங்கி நின்றார்.

பட்டக்காரர் அந்த வாசலில் உட்கார்ந்தார். "தண்ணி கொண்டா மச்சான்" என்றார்.

அந்த மனிதர் உள்ளே போய்ச் சொம்போடு வந்தார். அண்ணாந்து, நிறுத்தி நிதானமாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார் பட்டக்காரர். மீசையைத் துடைத்துக்கொண்டார். வழக்கப்படி அடுத்தது நான் பெயரைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேரை ஊட்டுக்காரங்க சொல்லட்டும்."

நல்லாயி சொன்னாள். அந்தக் காலத்தில் கீழே கடைவீதிகளில் காதோடு காதாகச் சொன்ன பெயர் அது. அவள் தன் வாசலில் நின்றுகொண்டு மலைக்கே கேட்கும்படி சொன்னாள். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். நானும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

பட்டக்காரர் காலிச் சொம்பை நீட்டினார்.

"இன்னொரு சொம்பு ஊத்து மச்சான்" என்றார். பிறகு பின்னால் திரும்பி, "சாவடிச் சாவிய யாராச்சும் இந்தப் புள்ள கையில குடுங்கப்பா. மத்தவங்க எல்லாம் வரிசையில வாங்க. தண்ணி நல்லா இருக்குது" என்றார்.

வரிசை நீண்டுகொண்டே போனது. குடம் தீர்ந்துவிட்டது. நல்லாயியின் மகள் இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு ஓடினாள்.